‘சகலமானவர்களுக்கும்’: சிறுநகர உள்ளாட்சியில் ஊரறிவிப்பின் வரலாறும் எல்லையும் – உத்திரமேரூரை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

உள்ளாட்சி பற்றிய தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் தேர்தல் முறை, அதிகாரப் பகிர்வு, நிதி ஆகியவற்றையே மையப்படுத்துகின்றன. ஊர் மன்றம் எடுக்கும் முடிவு ஊராருக்கு எவ்வாறு தெரியவருகிறது என்னும் வினா போதிய கவனம் பெறவில்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டு, தமுக்கறிவிப்பு, அச்சிட்ட அறிவிப்பு, ஒலிபெருக்கி, கைப்பேசிக் குழு ஆகிய அறிவிப்பு முறைகளை இக்கட்டுரை ஒப்பிட்டு ஆராய்கிறது. ஒவ்வொரு முறையும் ‘எல்லோருக்கும்’ என்று சொல்லிக்கொண்டே அந்த எல்லோருக்கு ஓர் எல்லையை வகுத்தது என்பதையும், அறிவிப்பு சென்றடையாத இடத்தில் பங்கேற்புரிமை பெயரளவில் நின்றுவிடுகிறது என்பதையும் இது நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: உள்ளாட்சி, பேரூராட்சி, உத்திரமேரூர், குடவோலை, தமுக்கு, தண்டோரா, பகுதி சபை, தகவல் உரிமை.

முன்னுரை

தமுக்கடிப்பவர் தெருமுனையில் நின்று சொல்லத் தொடங்கும் வாசகத்தைத் தமிழகச் சிற்றூர்களில் வளர்ந்த மூத்த தலைமுறையினர் அனைவரும் அறிவர். இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால் என்பது அது. ஏரி மதகு திறக்கும் நாள், வரி கட்டக் கடைசி நாள், அம்மை குத்த ஆள் வரும் நாள், புளியமர ஏலம் எனச் செய்தி எதுவாயினும் தொடக்கம் மாறுவதில்லை. அத்தொடரின் உயிர் ‘சகலமானவர்களுக்கும்’ என்னும் சொல்லில் உள்ளது. ஆட்சி செய்வோர் தம் முடிவை எல்லோருக்கும் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்னும் ஒப்புதல் அதில் அடங்கியிருக்கிறது.

அந்த ஒப்புதல் எந்த அளவுக்கு நிறைவேறியது என்பதை மூன்று அளவுகோல்களால் மதிப்பிடலாம். செய்தி உரியவர் அனைவரையும் சென்றடைந்ததா என்பது முதலாவது. சென்றடைந்த செய்தி அவர்களுக்கு விளங்கியதா என்பது இரண்டாவது. விளங்கிய பின் மறுமொழி கூற இடமிருந்ததா என்பது மூன்றாவது. இவற்றோடு, செய்தியைச் சுமந்து செல்லும் பணி யார் மீது வைக்கப்பட்டது என்னும் சமூக வினாவும் சேர்கிறது. இவ்வினாக்களுக்குப் பொருத்தமான களம் உத்திரமேரூர் ஆகும். பத்தாம் நூற்றாண்டின் ஊராட்சி விதிகளைத் தன் சுவரில் தாங்கி நிற்கும் அவ்வூர், இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஏரிப்பாசனச் சிற்றூர்கள் சூழ்ந்த ஒரு பேரூராட்சி ஆகும்.

அறைதல் என்னும் சொல்

தமிழ்ச் சொல்வளமே ஊரறிவிப்பின் தொன்மைக்குச் சான்றாகிறது. ‘அறைதல்’ என்னும் வினை அடித்தலையும் சொல்லுதலையும் ஒருசேரக் குறிக்கிறது. ‘பறை’ என்பது கருவிக்குப் பெயராகவும், ‘பறைதல்’ என்பது பேசுதலுக்கு வினையாகவும் வழங்குகின்றன. மலையாளத்தில் அவ்வினை இன்றும் அன்றாட வழக்கில் உள்ளது. தோலில் அடி விழுவதும் செய்தி வெளிப்படுவதும் ஒரே செயலாகக் கருதப்பட்டதை இச்சொற்கள் காட்டுகின்றன. கேட்ட மறைச்செய்தியைப் பிறரிடம் கொண்டு சேர்க்கும் கயவரைத் திருக்குறள் அறையப்படும் பறைக்கு ஒப்பிடுவதும் இப்பின்னணியில்தான் பொருள்படுகிறது.

மணிமேகலையின் விழாவறை காதை, நகர அறிவிப்பு ஒன்றின் முழு வடிவத்தைத் தருகிறது. புகாரில் இந்திர விழா எடுப்பதென அவையினர் கூடி முடிவு செய்கின்றனர். முரசறையும் தொல்குடியில் பிறந்தவன் யானையின் பிடரியில் முரசேற்றி அம்முடிவை நகரத்தார்க்கு அறிவிக்கிறான். அறிவிப்பின் உள்ளடக்கமும் கருதத்தக்கது. தெருக்களில் புதுமணல் பரப்புதல், வாயில்களை அணிசெய்தல், பகைமை கொண்டோர் பூசலின்றி விலகியிருத்தல் முதலியன அதில் இடம்பெறுகின்றன. தூய்மை, அலங்காரம், பொது அமைதி ஆகிய இவை இன்றைய திருவிழாக் கால அறிவிப்புகளிலும் தொடர்வன. முடிவெடுப்பது அவை, அறிவிப்பது குடிவழிப் பணியாளன், கேட்டு நடப்பது ஊர் என்னும் மூன்றடுக்கு அமைப்பு இக்காப்பியத்திலேயே தெளிவாக உள்ளது. கேட்டவர் திருப்பிச் சொல்வதற்கு அவ்வமைப்பில் இடமில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

கல்லில் எழுதிய அறிவிப்பு

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சார்ந்த (கி.பி. 919, 921) இரு கல்வெட்டுகள் உள்ளன. உத்தரமேருச் சதுர்வேதிமங்கலத்துச் சபை தன் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை இவை விதிக்கின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. இரண்டாம் கல்வெட்டின்படி, வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவராகவும், சொந்த மனையில் வீடு கட்டி வாழ்பவராகவும், 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குட்பட்டவராகவும், வேதக் கல்வி உடையவராகவும் இருப்போர் பெயர்களே ஓலையில் எழுதப்பட்டன. முந்தைய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர்கள் தகுதி இழந்தனர். வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர்களோடு அவர்தம் நெருங்கிய உறவினர்களும் விலக்கப்பட்டனர். இவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டோரிலிருந்து சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவரும், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவரும், ஏரி வாரியத்துக்கு அறுவரும் அமைந்தனர்.

இவ்விதிகள் தேர்தல் வரலாற்றின் சான்றாகப் பலமுறை விளக்கப்பட்டுள்ளன. அவற்றை அறிவித்தல் வரலாற்றின் சான்றாகவும் வாசிக்க முடியும். ஓலை எடுக்கும் நாளில் இளையோரும் முதியோரும் உட்பட மகாசபை நிறைந்து கூடவேண்டும். ‘சபாலவிருத்தம்’ என்னும் சொல்லால் கல்வெட்டு இதனைக் குறிக்கிறது. ஊரிலுள்ள கோயில் நம்பிமார் ஒருவரும் ஒழியாமல் அவையில் அமரவேண்டும். அவர்களுள் மூத்தவர் குடத்தை அனைவரும் காணத் தூக்கிப் பிடிக்கவேண்டும். உள்ளே இருப்பது இன்னதென அறியாத சிறுவன் ஒருவனே ஓலையை எடுக்கவேண்டும். அவ்வோலையை மத்தியஸ்தன் ஐந்து விரல்களும் விரிய உள்ளங்கையில் ஏற்று வாசிக்கவேண்டும். அவன் வாசித்த ஓலையை நம்பிமார் அனைவரும் வாசிக்கவேண்டும். அதன் பின்னரே அப்பெயர் எழுதிக்கொள்ளப்படும்.

விரல்களை விரிக்கச் சொல்லும் விதி, ஓலையை மாற்றி வைக்கும் சூழ்ச்சியைத் தடுப்பதற்காக ஏற்பட்டது என்பது வெளிப்படை. ஒரே பெயரைப் பலர் வாசிக்கச் சொல்லும் விதி, பிழையாகவோ பொய்யாகவோ அறிவிப்பதைத் தடுக்கிறது. முடிவு நேர்மையாக இருந்தால் மட்டும் போதாது, அது நேர்மையானதென்று கூடியிருப்போர் கண்ணாலும் காதாலும் அறியவேண்டும் என்னும் கொள்கை இவ்விதிகளின் அடித்தளமாக உள்ளது. விதிகள் கோயிற் சுவரில் வெட்டப்பட்டதும் இக்கொள்கையின் நீட்சியே. ஓலையில் எழுதிய விதியை மாற்றி எழுதலாம், மறைத்தும் வைக்கலாம். கல்லில் வெட்டியதை அவ்வளவு எளிதில் மாற்ற இயலாது. ஆயிரம் ஆண்டுகள் கழித்தும் அதனை வாசிக்க முடிவதே அதன் வலிமைக்குச் சான்றாகும்.

எனினும் ‘சபாலவிருத்தம்’ என்னும் சொல்லின் எல்லையையும் வரையறுக்க வேண்டியுள்ளது. சதுர்வேதிமங்கலம் பிராமணர்க்கு அளிக்கப்பட்ட ஊர். நில உடைமையும் வேதக் கல்வியும் தகுதிகளாக வைக்கப்பட்டதால், ஏரியைத் தூர்வாரிய உழைப்பாளரும் வயலில் நின்ற உழுகுடியினரும் பெண்களும் அக்குடத்தில் இடம்பெறவில்லை. ஏரி வாரியத்தின் முடிவால் நீர் பெறுவோர் அனைவரும் அம்முடிவை எடுத்த அவையில் இல்லை. கல்வெட்டுப் பொறிக்கப்பட்ட சுவர் கோயிலுக்குரியது. கோயிலுக்குள் நுழைய எல்லாச் சாதியினர்க்கும் சட்டப்படி உரிமை கிடைத்தது இருபதாம் நூற்றாண்டில்தான். மேற்கண்ட அளவுகோல்களின்படி, கல்லறிவிப்பு நிலைபேற்றில் உயர்ந்தும் சென்றடைதலில் குறுகியும் நின்றது எனலாம்.

தமுக்கும் சட்டமும்

காலனியக் காலத்தில் உள்ளாட்சி புதிய சட்ட வடிவம் பெற்றது. ரிப்பன் பிரபுவின் 1882ஆம் ஆண்டுத் தீர்மானத்தைத் தொடர்ந்து 1884இல் சென்னை மாகாண உள்ளாட்சி வாரியச் சட்டம் இயற்றப்பட்டது. மாவட்ட வாரியம், தாலுகா வாரியம் ஆகியவற்றின் கீழ் சிறுநகரங்களுக்கும் பெரிய ஊர்களுக்கும் ‘யூனியன்’ என்னும் அமைப்பு ஏற்பட்டது. இன்றைய பேரூராட்சிகளின் முன்வடிவமாக அதனைக் கருதலாம். புதிய அமைப்புகள் பழைய அறிவிப்பு முறையைக் கைவிடவில்லை. மாறாக, அதனைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தன. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், அசையாச் சொத்தைப் பற்றுகை செய்யும் ஆணையைப் பறை அறைந்தோ வேறு வழக்கமான முறையிலோ அவ்விடத்தில் அறிவிக்கவேண்டும் என விதிக்கிறது. ஒருவர் தம் நிலத்தை இழப்பதற்கு முன் நிகழவேண்டிய நடைமுறைகளுள் ஒன்றாகப் பறையொலி சட்டநூலில் இடம்பெற்றது.

எழுத்தறிவு அரிதாக இருந்த சமூகத்தில் இம்முறைக்குத் தக்க காரணம் இருந்தது. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியாவின் எழுத்தறிவு சுமார் 18 விழுக்காடாக இருந்தது. எழுதி ஒட்டிய தாள் ஐவருள் ஒருவருக்கும் குறைவானோரையே சென்றடையும் நிலையில், தமுக்கு எழுத்தறியாதவரின் வாயிலுக்கே சென்று பேசியது. பேச்சுத் தமிழில் சொல்லப்பட்டதால் விளங்குவதிலும் தடையில்லை. மேலும், ஏல அறிவிப்புகளில் ஊரின் வருவாயே தமுக்கைச் சார்ந்திருந்தது. ஏரி மீன்பாசிக் குத்தகை, சந்தைச் சுங்கம், புளியமர மகசூல் ஆகியவற்றின் ஏலச்செய்தி பலருக்குத் தெரிந்தால் போட்டி கூடும். சிலருக்கு மட்டும் தெரிந்தால் அவர்கள் தமக்குள் பேசி வைத்துக் குறைந்த தொகைக்கு எடுத்துக்கொள்வர். இழப்பு ஊருக்கு நேரும். அறிவிப்பின் பரப்பளவு ஊர்ப்பொதுப் பணத்தின் அளவையும் தீர்மானித்தது.

ஆனால் இம்முறையின் சுமை சமமாகப் பகிரப்படவில்லை. தமுக்கடிக்கும் பணி பெரும்பாலான ஊர்களில் வெட்டியான், தோட்டி எனப்பட்ட ஊர்ப்பணியாளர் மீது, அதாவது தலித் சாதியினர் மீது, பிறப்பு வழிக் கடமையாகச் சுமத்தப்பட்டது. ஊர் முழுவதற்கும் செய்தி சொன்னவர் அச்செய்தியைத் தீர்மானித்த அவையில் அமர முடியவில்லை. சகலமானவர்களுக்கும் என்று தெருத்தெருவாகக் கூறியவர், அவற்றுள் சில தெருக்களில் அறிவிப்பாளராக அன்றி வேறு வகையில் இயல்பாக நடமாட முடியாத நிலையும் இருந்தது. பறையடித்தலைக் கட்டாய ஊழியமாகச் செய்ய மறுத்துத் தலித் இயக்கங்கள் நடத்திய போராட்டங்கள், அறிவித்தல் முறைக்குள் உறைந்திருந்த இம்முரணை வெளிக்கொணர்ந்தன. பின்னர்ப் பறை ஒரு கலையாகவும் எதிர்ப்பின் குரலாகவும் மீட்டெடுக்கப்பட்டது. கருவி இழிவன்று, கட்டாயமே இழிவு என்னும் தெளிவு அம்மீட்பில் உண்டு.

2022 ஆகஸ்டில் தமிழக அரசின் தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்துமாறு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். வாகனங்களில் ஒலிபெருக்கி பொருத்தி அறிவிக்கலாம் என்னும் மாற்றுவழியும் அதில் கூறப்பட்டது. ஒரு மனிதரின் மாண்பைக் குறைத்துப் பெறும் அறிவிப்பு, எத்துணைப் பயனுடையதாயினும் ஏற்கத்தக்கதன்று என்னும் நிலைப்பாடு இதன்வழி உறுதியாயிற்று. அம்முறை செய்துவந்த வேலையை இனி எது செய்யும் என்னும் கேள்வியும் உடன் எழுகிறது.

தாளும் பலகையும்

1956ஆம் ஆண்டின் தமிழ் ஆட்சிமொழிச் சட்டத்துக்குப் பின் அலுவலக அறிவிப்புகள் படிப்படியாகத் தமிழுக்கு மாறின. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தின் எழுத்தறிவு சுமார் 80 விழுக்காடு. எனவே சென்றடைதலில் இருந்த பழைய தடை பெருமளவு நீங்கிவிட்டதாகத் தோன்றும். ஆனால் தடை இடம் மாறியதேயன்றி முற்றிலும் நீங்கவில்லை. தமுக்கு மக்கள் இருக்குமிடத்துக்குச் சென்றது. அறிவிப்புப் பலகையோ மக்கள் தன்னிடம் வரக் காத்திருக்கிறது. அலுவலக நேரத்தில் வயலிலோ செங்கற்சூளையிலோ வெளியூர்த் தொழிற்சாலையிலோ இருப்பவர், பேரூராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டிய தாளைக் காணும் வாய்ப்புக் குறைவு.

விளங்குதலிலும் புதிய இடர் தோன்றியது. வரி அறிவிப்புகளில் ‘கேட்பு, வசூல், நிலுவை’ என்னும் தொடர் வழங்குகிறது. இங்குக் ‘கேட்பு’ என்பது செலுத்தவேண்டிய தொகையைக் குறிக்கும். பொது வழக்கில் கேட்டல் என்பது செவியுறுதலையும் வினவுதலையும் குறிப்பதால், அத்தாளைப் பெறும் குடிமகன் தம்மிடம் ஏதோ விளக்கம் கேட்கப்படுவதாகவும் கொள்ளக்கூடும். மொழி தமிழாக இருப்பதும் செய்தி விளங்குவதும் ஒன்றல்ல என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும். ஆட்சித்தமிழ் ஆய்வுகள் கலைச்சொல் ஆக்கத்தோடு நின்றுவிடாமல், அச்சொல்லைப் பெறுபவரின் வாசிப்பையும் கருத்தில் கொள்ளவேண்டும்.

இதன் விளைவை 2022ஆம் ஆண்டின் சொத்துவரி உயர்வில் காணலாம். அவ்வாண்டு ஏப்ரலில் தமிழக அரசு நகர்ப்புற உள்ளாட்சிகளில் சொத்துவரியை உயர்த்தியது. பேரூராட்சிகளில் குடியிருப்புக் கட்டடங்களுக்குப் பரப்பளவைப் பொறுத்து 25 விழுக்காடு முதல் 100 விழுக்காடு வரை உயர்வு அமைந்தது. மன்றங்கள் தீர்மானம் நிறைவேற்றி, ஆட்சேபம் உடையோர் குறிப்பிட்ட காலத்துக்குள் எழுத்தில் தெரிவிக்குமாறு அறிவிப்பு வெளியிட்டன. ஆட்சேபிக்கும் உரிமை காலவரையறைக்கு உட்பட்டது. அறிவிப்பைக் காணாதவருக்கு அவ்வுரிமை இருந்தும் இல்லாததற்குச் சமம். வரிச்சீட்டு கைக்கு வரும்போதுதான் அவர் செய்தியை அறிகிறார்.

பேரூராட்சி என்னும் இடைநிலை

கிராம ஊராட்சியிலிருந்து பேரூராட்சி இவ்வகையில் சிறப்பாக வேறுபடுகிறது. 1992ஆம் ஆண்டின் 73ஆம் அரசியலமைப்புத் திருத்தமும் அதனையொட்டிய 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் கிராம சபைக்குச் சட்ட இருப்பு அளித்தன. குடியரசு நாள், தொழிலாளர் நாள், விடுதலை நாள், காந்தி பிறந்தநாள் ஆகிய நாள்களில் கூடிய அச்சபை, பின்னர் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, உள்ளாட்சிகள் நாளான நவம்பர் 1 ஆகியவற்றிலும் கூடுவதாயிற்று. வாக்காளர் அனைவரும் அதில் உறுப்பினர், கணக்கு வாசிக்கப்படும், கேள்வி கேட்கலாம். மூன்றாம் அளவுகோலான மறுமொழிக்கு அங்கு இடம் உண்டு.

74ஆம் திருத்தத்தின் வரையறையில், ஊரகத்திலிருந்து நகரமாக மாறிவரும் பகுதிக்குரியது பேரூராட்சி. வாழ்முறையில் சிற்றூராகவும் சட்டத்தில் நகராகவும் அது இருக்கிறது. 2004இல் தமிழகப் பேரூராட்சிகள் சிறப்புக் கிராம ஊராட்சிகளாக மாற்றப்பட்டு, 2006இல் மீண்டும் பேரூராட்சிகளாக்கப்பட்டன என்பதே அவற்றின் இரட்டைத் தன்மைக்குச் சான்று. கிராம சபை இல்லாத இவ்வூர்களின் மக்களுக்கு மன்றக் கூட்டத்தின் முடிவுகள் பெரும்பாலும் உறுப்பினர் வழியாகவும் நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கம் வழியாகவுமே தெரியவந்தன. 2022இல் வெளியிடப்பட்ட விதிகளின்படி நகர்ப்புற உள்ளாட்சிகளில் வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் ஏற்படுத்தப்பட்டு, அவ்வாண்டு நவம்பர் 1இல் பகுதி சபைகள் கூடின. நகர்ப்புற மக்களுக்கு நேரடியாகக் கேட்கவும் சொல்லவும் கிடைத்த அவை என்னும் வகையில் இது முதன்மை வாய்ந்தது.

கைப்பேசிக் காலத்தின் ‘எல்லோர்’

இன்று குடிநீர் நிறுத்தம், மருத்துவ முகாம், மின்தடை முதலிய செய்திகள் கைப்பேசிக் குழுக்களில் பரவுகின்றன. விரைவில் இதற்கு நிகரான முறை முன்பு இருந்ததில்லை. கேட்டவர் உடனே வினா எழுப்பவும் முடிகிறது. எனினும் குழுவில் யாரைச் சேர்ப்பது என்பதை அதனை நடத்துபவரே தீர்மானிக்கிறார். திறன்பேசி இல்லாத முதியோர், எண் மாறிய புலம்பெயர் தொழிலாளர், கட்சி அல்லது சாதி வேறுபாட்டால் சேர்க்கப்படாதோர் எனப் புதிய விலக்கு உருவாகிறது. பத்தாம் நூற்றாண்டின் குடத்தில் யார் பெயர் இடப்படும் என்பது விதியாகச் சுவரில் எழுதப்பட்டிருந்தது. இக்குழுக்களில் அத்தகைய வெளிப்படை விதியும் பெரும்பாலும் இல்லை என்பது எண்ணத்தக்கது.

2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இச்சிக்கலுக்கு ஒரு வழிகாட்டுதல் தருகிறது. அதன் நான்காம் பிரிவு, கேட்காமலேயே தகவலை வெளியிடும் கடமையைப் பொது அமைப்புகளுக்கு விதிக்கிறது. செலவு, வட்டார மொழி, அப்பகுதியில் மிகுந்த பயன்தரும் தொடர்புமுறை ஆகியவற்றைக் கருத்தில் கொண்டு தகவலைப் பரப்பவேண்டும் என்றும் அது கூறுகிறது. அறிவிப்புப் பலகை, நாளிதழ், பொது அறிவிப்பு, ஊடக ஒலிபரப்பு, இணையம் ஆகியன அதற்குரிய வழிகளாகச் சுட்டப்படுகின்றன. ஒரு வழியைக் கையாண்டதாகக் கோப்பில் பதிவதோடு கடமை முடிவதில்லை. அப்பகுதி மக்களைச் சென்றடையும் வழி எது என்று ஆராய்வதும் கடமையின் பகுதி என்பதே இப்பிரிவின் கருத்தாகும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. கல், தமுக்கு, தாள், கைப்பேசி ஆகிய ஒவ்வொன்றும் ஒரு குறையை நீக்கி மற்றொரு குறையைக் கொணர்ந்தது. கல் நிலைத்தது, ஆனால் சிலருக்கே எட்டியது. தமுக்கு எல்லோர் செவிக்கும் எட்டியது. அதன் விலையை ஒரு சாதியினர் செலுத்தினர். தாள் சான்றாக நின்றது, எனினும் வாசிப்பவரைத் தேடிச் செல்லவில்லை. கைப்பேசி விரைந்தது, அதன் எல்லையை மட்டும் ஒருவர் விருப்பத்துக்கு விட்டது.

எனவே தமுக்கை நீக்கியதோடு சீர்திருத்தம் நிறைவடைவதில்லை. அது நாடிச் சென்ற எழுத்தறியா முதியவரையும் வேலைக்குச் சென்றவரையும் எட்டும் வேறு வழி அவ்விடத்தை நிரப்பவேண்டும். மன்றத்தின் கூட்டப்பொருளும் தீர்மானமும் எளிய தமிழில் நியாய விலைக் கடை, பேருந்து நிலையம், பள்ளி போன்ற மக்கள் கூடுமிடங்களில் ஒட்டப்படுதல், ஆட்சேபக் காலம் தொடங்கும் நாளில் ஒலிபெருக்கியில் அறிவித்தல், பகுதி சபையில் தீர்மானங்களை வாய்விட்டு வாசித்து விடை கூறுதல் ஆகியன பெருஞ்செலவின்றி இயல்வன. உத்திரமேரூர்ச் சபை ஓலையை விரித்த கையில் ஏற்கச் சொன்னது, கூடியிருந்தோர் காணவேண்டும் என்பதற்காகவே. அன்று அக்கையைக் காணும் உரிமை ஊரின் ஒரு பகுதியினர்க்கு மட்டும் இருந்தது. இன்று சட்டம் அதனை அனைவர்க்கும் உரியதாக்கியுள்ளது. அவ்வுரிமை ஊரின் கடைசித் தெருவரை உண்மையில் சென்று சேர்கிறதா என்பதே சிறுநகர உள்ளாட்சியின் தரத்தை அறிய இனிவரும் ஆய்வுகள் கைக்கொள்ளத்தக்க அளவுகோலாகும்.